இன்ரவியூவுக்குச் சோடித்த பெண்

விடிந்தும் விடியாத நேரம். படலைக்கு முன்னால் வாடகைக் கார் வந்து நின்றது. நான் பெரியம்மாவின் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் என் அம்மாவை எங்கே ஒளிப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அங்கேதான் நின்றார். கையில் சாப்பாட்டுப் பொட்டலம். தன்னைப் பற்றிய பேச்சைக் கிணற்றடி வாழையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியத்துக்குப் புறப்படும்போது எதிரில் முதலில் வருகிற ஆளை முழுவியளம் என்போம். தாலி கட்டிய பெண் நிறைகுடத்தோடு வந்தால் காரியம் பலிக்கும். விதவை வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். என் அம்மா விதவை.

பெரியம்மா நிறைகுடத்தோடு எதிரில் வரவேண்டும். ஆகவே அவர் காரில் ஏற முடியாது. குமர்ப்பிள்ளையை ஆண்களோடு மட்டும் பட்டணத்துக்கு அனுப்பினால் ஊர் சிரிக்கும். ஆகவே ஒரு பெண் காரில் வரவேண்டும். வீட்டில் மிஞ்சிய பெண் அம்மா. அம்மா படலையில் நின்றால் முழுவியளம் கெட்டுப்போகும்.

கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"நீ பின்பக்கத்தாலை போய்ச் சந்தி மடத்துக்குப் பின்னாலை நில். முகத்தைக் காட்டிப்போடாதை. கார் உன்னைக் கடந்துபோய் நிக்கும். பின்னாலை வந்து ஏறு."

அம்மா "ஓம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பிறகு நான் புறப்பட்டேன். பெரியம்மாவுக்கு முன்னால் ஒரு பூனை முந்திக்கொண்டது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டேன். பெரியம்மா ஒழுங்கையில் தற்செயலாக வருகிறவர் போலக் குடத்தோடு ஆடி அசைந்து வந்தார். நாடகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிட்ட வந்ததும் உற்சாகம் மிஞ்சி, "எங்கை பிள்ளை போறாய்?" என்று கேட்டுவிட்டார்.

புறப்படுகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்பதைவிடக் கெட்ட சகுனம் எங்கள் ஊரில் இல்லை. பெரியப்பா தலையில் கை வைத்தார். "மூதேவி, வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதே உனக்கு?" என்றார். நான் மறுபடியும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். பட்டணம் போய்ச் சேரும்வரை என் வயிறு தோற்பை போலக் குலுங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரில் நான் குடும்ப மானத்தை விற்கிறேன் என்று ஒரு உறவினர் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறாராம். வாங்க ஆளிருந்தால் விற்பேன். மேலே போவோம்.

எடுபட வேண்டும், போகக்கூடாது

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம். நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறி, அங்கேயே கீழ் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பயிற்சி இல்லாதவள். எந்த நாளும் "நாளைக்கு வரவேண்டாம்" என்று சொல்லலாம்.

அப்போதுதான் இங்கிலீஷ் ஆசிரியர் பயிற்சிக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்று அறிந்து மனுப் போட்டேன். கொழும்பில் தங்கிப் படிக்க வேண்டும். முடித்தால் நிரந்தர வேலை. தீவின் எந்த மூலைக்கும் அனுப்புவார்கள். பெண்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருந்தது. படிக்கும் காலத்திலும், அதற்குப் பிறகு சில வருடங்களும் கலியாணம் செய்யக்கூடாது.

அந்த நிபந்தனையை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் அதுவரை எந்தப் பாடப்புத்தகத்தை வாசித்தும் வந்ததில்லை.

ஏனென்றால் வீட்டில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மலாயாவில் கிளாக்கர். முதல் மனைவி காலமாகிவிட்டார். படம் வந்திருந்தது. படத்தில் ஆள் தொப்பியோடு நாற்காலியில் இருந்தார். வீட்டுக்குள் இருக்கிற மனிதர் ஏன் தொப்பி போட்டிருக்கிறார் என்று நான் கேட்டேன். பெரியம்மா என்னை வாய்க்காரி என்றார்.

என் அப்பா எனக்குப் பல்லு விழுகிற வயதிலேயே போய்விட்டார். அவருடைய தோட்டக் காணியைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்வதென்றால் விளைவதை எடுத்துக்கொள்வது. என் பள்ளிக்கூடச் சம்பளத்தை அம்மா மாடு வளர்த்துப் பால் விற்றுக் கட்டினார். ஊரில் கேட்டால் பெரியப்பாதான் படிப்பித்தார் என்பார்கள். பெரியப்பாவே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

காணியைச் சீதனமாகக் கேட்காத ஒரு மாப்பிள்ளை அவருக்குத் தேவைப்பட்டார். தொப்பிக்காரர் காணி கேட்கவில்லை. நகை மட்டும் கேட்டார். ரெயினிங்குக்குத் தெரிவாகி எடுபட்ட பெண் என்று சொன்னால் அந்த நகையையும் குறைக்கலாம் என்பது பெரியப்பாவின் எண்ணம். ஆகவே நான் எடுபட வேண்டும். ஆனால் போகக்கூடாது.

கலியாண நிபந்தனையை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "உது வெள்ளைக்காரன் பேப்பரிலை எழுதுறது. ஆள் நேரை போய்க் கதைச்சால் எல்லாம் சரிவரும்" என்றார். பேப்பரில் எழுதியது ஆள் பார்த்துக் கதைத்தால் மாறும் என்பதில் எங்கள் ஊரார் வைத்த நம்பிக்கையை அவர்கள் எந்தச் சாமியிடமும் வைக்கவில்லை.

ஸ்ரேசன் மாஸ்டரின் இங்கிலீஷ்

இன்ரவியூவுக்கு என்னை ஆயத்தப்படுத்த வைத்திலிங்கத்தார் வந்தார். மலாயாவில் ரெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு வந்தவர். வெள்ளைக்காரனோடு நேருக்கு நேர் கதைத்தவர் என்று ஊரில் அவருக்கு மரியாதை. அவர் கதைத்தது "யெஸ் சேர்", "லேற் சேர்" என்பதைத் தாண்டியிருக்காது என்று நான் முதல் நாளே கண்டுகொண்டேன்.

பின்னேரங்களில் அவர் வீட்டு விறாந்தையில் வகுப்பு. அவர் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பார். நான் நிற்க வேண்டும். இன்ரவியூவில் நிற்கத்தான் விடுவார்கள் என்றார்.

முதற் பாடம் காற்றும் மழையும். வெள்ளைக்காரரோடு எந்தக் கதையையும் அதில்தான் தொடங்க வேண்டுமாம். அது சோளகக் காற்று வீசும் காலம். செம்மண் புழுதியை அள்ளி அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "த வெதர் இஸ் வெரி பிளெசன்ற், சேர்" என்று சொன்னேன். "சிரிச்சுக்கொண்டு சொல்லு" என்றார். வாயைத் திறந்தால் மண் உள்ளே போகும். வாயை மூடிச் சிரித்தேன். "காணும், இவ்வளவு போதும். பல்லுத் தெரியாமல் சிரிக்கிறதுதான் குடும்பப் பெண்ணுக்கு அழகு" என்று மெச்சினார்.

இரண்டாவது பாடம் தேநீர். அவர்கள் தேநீர் தந்து பார்ப்பார்களாம். சோசரில் ஊற்றி உறிஞ்சினால் இடம் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத் தன் தேநீரைச் சோசரில் ஊற்றி உறிஞ்சினார். நான் பார்த்தேன். "நான் பென்சன் எடுத்தாச்சு" என்றார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஏன் ஆசிரியையாக வர விரும்புகிறாய் என்று கட்டாயம் கேட்பார்களாம். அதற்கு அவர் ஒரு மறுமொழி கட்டித் தந்தார். என் சகோதரிகள் அறியாமை இருளில் கிடக்கிறார்கள், அவர்களுக்கு ஒளி ஏற்றுவதே என் ஆசை. இதை நான் இங்கிலீஷில் பாடமாக்க வேண்டும்.

எனக்குச் சகோதரிகள் இல்லை என்றேன்.

"ஊர்ப் பெட்டையள் எல்லாம் உன்ரை சகோதரியள்தானே" என்றார்.

"உந்தத் தெற்கு ஒழுங்கைப் பெட்டையளுமோ, மாஸ்டர்?"

தெற்கு ஒழுங்கையில் இருந்தவர்களை எங்கள் கிணறுகளில் தண்ணீர் அள்ள விடமாட்டார்கள். வைத்திலிங்கத்தார் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "அது வேறை கதை" என்றார். பிறகு அன்று வகுப்பு நடக்கவில்லை.

வீட்டில் பெரியம்மா தனியாக ஒரு வகுப்பு நடத்தினார். எப்படி நடப்பது, எப்படித் தலையைக் குனிவது, கேட்டால் எவ்வளவு சத்தத்தில் பேசுவது. அவரைப் பெண் பார்க்க வந்தபோது அவருடைய தாய் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எனக்குச் சொல்லித் தந்தார். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியாது. அவருக்கு வேறு இன்ரவியூ நடந்ததில்லை.

எவ்வளவு திருநீறு?

எங்கள் பள்ளிக்கூடத்து உபதேசியார் ஒரு நாள் என்னை மறித்தார். ஞானஸ்நானம் எடுத்தால் கல்லூரியில் இடம் நிச்சயம் என்றார். யார் அவருக்கு அப்படிச் சொன்னது என்று கேட்டேன். மேலே பார்த்தார். ஆண்டவரோ, பள்ளிக்கூட மேல்மாடியோ, எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். பெரியப்பா கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார். கோயில் திருவிழாவில் முன் வரிசையில் நின்று தேவாரம் பாடுகிற மனிதர். யோசித்துவிட்டுச் சொன்னார்: "எடுத்தால் என்ன? எடுபட்டாப் பிறகு திருநீறு பூசலாம்தானே."

பெரியம்மாதான் தடுத்தார். சமயத்தின்மேல் உள்ள பற்றால் அல்ல. மலாயாக்காரர் சைவம். சேதி அங்கே போனால் பேச்சுக் குழம்பும்.

சரி, திருநீறு பூசுவது என்று முடிவாயிற்று. எவ்வளவு பூசுவது? இதற்கும் வைத்திலிங்கத்தாரிடம் ஆள் போனது. அவர் நன்றாக யோசித்துச் சொன்ன தீர்ப்பு இது. "மெல்லிசாய் ஒரு கீறு. தமிழர் பாத்தால் திருநீறு. வெள்ளைக்காரர் பாத்தால் பவுடர்."

இன்ரவியூ அன்று நான் மூன்று குறியும் நெற்றி நிறைய இழுத்தேன். பக்தியால் அல்ல. கோபத்தால்.

மேசைக்கு முன்னால்

மடத்துக்குப் பின்னால் நின்ற அம்மாவை ஏற்றிக்கொண்டு கார் பட்டணம் போனது. முன் ஆசனத்தில் பெரியப்பா. அவர் மடியில் நீர்வேலிக் கதலி வாழைக்குலை ஒன்று, குழந்தை மாதிரி. பெண் வீட்டார் வெறுங்கையோடு போவதில்லை என்றார். யார் பெண் வீட்டார், எந்தப் பெண், எந்த வீடு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அட்டியல் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இன்ரவியூ. வெளியே நீள வாங்குப் பலகைகளில் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் வெள்ளை நூற்சேலை. நான் மட்டும் காப்பும் அட்டியலும் பட்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கலியாண வீட்டுக்குப் போற வழியிலை வந்தனீரோ?"

"ஓம். மாப்பிள்ளையைக் காணேல்லை. நீர் கண்டனீரோ?" என்றேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் கல்லூரியை நடத்தும் வெள்ளைக்கார அம்மணி. மெலிந்து, வெயிலில் காய்ந்த முகம். மற்றவர் நம்மவர், பள்ளிக்கூடங்களின் இன்ஸ்பெக்டர். கோட்டும் தலைப்பாகையும். உள்ளே போனதும் உட்காரச் சொன்னார்கள். வைத்திலிங்கத்தார் நிற்கத்தான் பழக்கியிருந்தார். நான் நின்றேன். மறுபடி உட்காரச் சொன்னார்கள். காற்று வீசுவதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மணி ஏன் ஆசிரியையாக வர விரும்புகிறாய் என்று கேட்டுவிட்டார்.

சகோதரிகளையும் இருளையும் ஒப்புவித்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

அம்மணி பொறுமையாகக் கேட்டார். காலையிலிருந்து இதே இருளைப் பல பேர் சொல்லிவிட்டார்கள், நீ உன் சொல்லில் சொல் என்றார்.

"சம்பளத்துக்கு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைச் சரிசெய்தார். அம்மணி, சம்பளம் எதற்கு என்று கேட்டார். என் அம்மா இன்னொருவர் வீட்டில் கேட்டுக் கேட்டு எண்ணெய் வாங்கிச் சமைக்கிறார், அது நிற்க வேண்டும் என்றேன். சுத்த இங்கிலீஷோ இல்லையோ, அவருக்கு விளங்கியது.

பிறகு ஒரு சோதனை வைத்தார். இன்ஸ்பெக்டர் ஒரு சின்னப் பையன் என்று நினைத்துக்கொண்டு ஒரு வசனம் சொல்லிக்கொடு என்றார். நான் எழும்பிச் சொல்லிக்கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் யன்னலைப் பார்த்துக்கொண்டு, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு இருந்தார். கையை எடுத்துவிட்டு நேரே பார் என்று இங்கிலீஷில் அதட்டினேன். மனிதர் பயந்து கையை எடுத்தார். அம்மணி சிரித்தார். பல்லுத் தெரியச் சிரித்தார்.

இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது. இனிப் பாதுகாவலரோடு பேசவேண்டும், கூப்பிடு என்றார்கள்.

பெரியப்பா பேசுகிறார்

பெரியப்பா வாழைக்குலையோடு உள்ளே வந்தார். அதை மேசையில் வைத்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கும்பிட்டு, "ஐயா எந்தப் பகுதி?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. அதனால் பெரியப்பா எங்கள் பகுதியைச் சொன்னார். பாட்டன் யார், பூட்டன் எந்தக் கோயிலின் தர்மகர்த்தா, யார் வீட்டில் பெண் எடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்று எல்லாம் சொன்னார். என்னைக் காட்டி, பிள்ளைக்கு ஒரு நோய் நொடியும் இல்லை என்றார். சமையலும் தெரியும் என்றார்.

அம்மணி, இவர் என்ன சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். குடும்ப விவரம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

பிறகு இன்ஸ்பெக்டர் நிபந்தனைக்கு வந்தார். பிள்ளையைக் கலியாணம் செய்து கொடுக்காமல் இத்தனை வருடம் விடுவதற்கு உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

எந்த மூடனும் "சம்மதம்" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருப்பான். பெரியப்பாவின் காதில் அந்தக் கேள்வி வேறு விதமாக விழுந்தது. வேலைக்குப் போக நிற்கிற பெண் கலியாணச் சந்தையில் கழிந்த பெண் என்று இந்த மனிதர் நினைக்கிறாரே என்று அவருக்கு ரோசம் வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றார்.

"ஐயா, ஒருத்தரும் கேளாத பெட்டையெண்டு நினையாதேங்கோ. மலாயாவிலை மாப்பிள்ளை. கவுண்மேந்து உத்தியோகம். வாற தையிலை தாலி ஏறும். ஆரையும் விசாரிச்சுப் பாருங்கோ."

சொல்லிவிட்டு, இனி எடுக்காமல் எங்கே போவீர்கள் என்ற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் இதை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார். அம்மணி பேனாவை வைத்தார். அப்படியென்றால் நாம் இங்கே நேரத்தை வீணாக்குகிறோம், அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றார்.

எனக்கு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அந்தக் கலியாணம் என் பெரியப்பாவுடைய ஆசை, என்னுடையது அல்ல என்று இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் சொன்னேன்.

"எனக்கு அந்தத் தொப்பிக்காரன் வேண்டாம்."

"உவளுக்குப் பயத்திலை விசர் பிடிச்சிட்டுது, ஐயா" என்றார் பெரியப்பா.

இன்ஸ்பெக்டர் பெரியப்பாவின் பக்கம் சாய்ந்தார். பெரியவரை அந்நியர் முன்னால் மறுத்துப் பேசுகிற பெண் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பாள் என்று அம்மணியிடம் இங்கிலீஷில் சொன்னார். முழங்கை விஷயத்தை அவர் மறக்கவில்லை.

அம்மணி என்னைக் கேட்டார், தகப்பன் இல்லையென்றால் தாய் எங்கே என்று.

காரில் இருக்கிறார் என்றேன். ஏன் உள்ளே வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் பெரியப்பாவைக் கேட்டார்.

"அது பொம்பிளை, ஐயா. அதுக்கு என்ன தெரியும்?"

அம்மணி மொழிபெயர்க்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் இருமிவிட்டு, அந்த அம்மாவுக்குப் பயணக் களைப்பாம் என்றார். நான் இடையில் புகுந்து, பெரியப்பா சொன்னதைச் சொன்னபடி இங்கிலீஷில் சொன்னேன். அம்மணியும் பெண்தான். பெரியப்பா அதை மறந்திருந்தார். என்னை அவர்கள் எடுத்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு மொழிபெயர்ப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தாயைக் கூப்பிடுங்கள் என்றார் அம்மணி.

காரில் இருந்தவர்

அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியைக் காட்டினார்கள். பெரியப்பா நின்றபடியால் அவரும் நின்றார். தலையை முந்தானையால் மூடியிருந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பல வருடங்களாக அந்த வீட்டில் அவர் "ஓம்" என்பதைத் தவிர வேறு சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கும் "ஓம்" என்றால் நான் மலாயாவுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகவே கேட்டார். "உங்கடை பிள்ளைக்குக் கலியாணம் ஒப்பேறிட்டுதோ?"

அம்மா பெரியப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"பேச்சு வந்தது மெய்தான், ஐயா. நான் சம்மதம் சொல்லேல்லை."

"இவர் தையிலை தாலி எண்டு சொல்லுறாரே?"

"அவரிட்டைக் கேட்டிருப்பினம். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப நீங்கள்தான் முதல் கேக்கிறியள்."

பெரியப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மணி கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது. கை காட்ட வேண்டிய இடம் தெரிந்திருந்தது.

"கேட்டபடியால் சொல்லுறன்" என்றார் அம்மா. "பிள்ளை படிக்கட்டும்."

படிப்பு முடிந்ததும் பிள்ளையை எங்காவது தூரத்துக்கு அனுப்புவோம், மலைநாட்டுக்கும் அனுப்புவோம், தனியே இருக்க வேண்டிவரும், அது தெரியுமா என்று அம்மணி கேட்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தனிய இருக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும், ஐயா. இவளுக்குச் சம்பளமும் வரும்."

இன்ஸ்பெக்டர் இதை மொழிபெயர்த்தார். இந்த முறை அவர் ஒன்றையும் மாற்றவில்லை.

திரும்பும் வழியில் பெரியப்பாவின் மடி வெறுமையாக இருந்தது. வாழைக்குலை மேசையிலேயே கிடந்துவிட்டது. கேட்டு வாங்கப் பெரியப்பாவுக்கு மானம் விடவில்லை.

அதற்குப் பிறகு

எனக்கு இடம் கிடைத்தது. அந்தச் செய்தி வருவதற்கிடையில் பெரியப்பா எங்கள் பங்குக் கிணற்றில் அம்மாவுக்குத் தண்ணீர் இல்லை என்றார். அம்மா கோயில் கிணற்றில் அள்ளிச் சுமந்தார். மாட்டுக்கும் சுமந்தார். நான் கொழும்புக்குப் போன பிறகும் சுமந்தார். நான் மலைநாட்டில் முதற் சம்பளம் எடுத்து அவரை அழைத்துக்கொள்ளும்வரை சுமந்தார். நான் வகுப்பில் ஒளி ஏற்றிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அம்மா தண்ணீர்தான் சுமந்தார். அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

ஊரில் கதை வேறு மாதிரிப் போனது. நான் ஆசிரியையாகி வந்து நின்றதும், பெரியப்பா தன் செலவில் கார் பிடித்து, தானே கூட்டிப்போய், வெள்ளைக்காரியோடு தானே கதைத்து எனக்கு இடம் எடுத்துத் தந்தவர் ஆகிவிட்டார். பெண் பிள்ளைகளை இன்ரவியூவுக்கு அனுப்புகிறவர்கள் அவரிடம் யோசனை கேட்கப் போனார்கள். அவரும் சொன்னார். வாழைக்குலை கொண்டுபோகச் சொன்னாராம்.

தொப்பிக்காரர் வேறு இடத்தில் கட்டினார். அந்தப் பெண்ணை நான் ஒரு கோயிலில் கண்டேன். அவர் தொப்பியைக் கழற்றுவதே இல்லை என்று மட்டும் சொன்னாள். பாவம்.

பல வருடங்களுக்குப் பிறகு பெரியப்பா காலமானார். அம்மாவும் நானும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தோம். காலையில் கீரிமலைக் கடலில் கிரியை முடித்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மத்தியானப் பந்திக்கு முன் கல்வெட்டு வாசித்தார்கள். செத்தவரைப் புகழ்ந்து புலவர் ஒருவரைக் கொண்டு பாட்டுக் கட்டி அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். நல்ல வழவழப்பான தாள். அட்டையில் பெரியப்பாவின் படம்.

புலவர் ராகம் போட்டு வாசித்தார். தம்பியை இழந்து தவித்த குடும்பத்தைத் தாங்கிய தூண், தம்பி மகளுக்கு ஆங்கிலம் ஊட்டி ஆசிரியை ஆக்கிய வள்ளல் என்று ஒரு முழுப் பாட்டு. சபை தலையை ஆட்டியது. சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

நான் எழும்பிச் சொல்லப் போனேன். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

"இரு. செத்த வீட்டிலை சண்டை பிடியாதை."

"அம்மா, முழுப் பொய்."

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என் கையிலிருந்த கல்வெட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"உதிலை என்ரை பேர் எங்கையும் கிடக்கோ?"

இல்லை என்றேன்.

"நல்லது" என்று திருப்பித் தந்தார். "பொய்யிலை என்ரை பேர் வேண்டாம்."

பந்தியில் பாயாசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.